நிற்க வேண்டாத ஊர்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், வடமேற்குப் பீடபூமியில் செலிக்மன் என்று ஒரு சிற்றூர். 2010 மக்கள்தொகைக் கணக்கில் அங்கே இருந்தவர்கள் 445 பேர். வரலாற்றுச் சிறப்புள்ள ரூட் 66 பிறந்த ஊர் என்று அது தன்னைச் சொல்லிக்கொள்கிறது. அந்தச் சாலையின் கதை தெரிந்தவர்களுக்கு இது முதலில் உறுத்தும். சிகாகோவில் புறப்பட்டு, பசிபிக் கடற்கரையில் உள்ள சாண்டா மோனிகா வரை 2,448 மைல், அதாவது ஏறத்தாழ 3,940 கிலோமீட்டர் ஓடிய நெடுஞ்சாலை அது. அதற்கு 66 என்ற எண் 1926 ஏப்ரலில் மிசௌரி மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் முடிவானது. அதே ஆண்டு நவம்பர் 11 அன்று சாலை முறைப்படி நடைமுறைக்கு வந்தது. அதற்காக அலைந்து பாடுபட்ட சைரஸ் ஏவரி, ஓக்லஹோமாவின் டல்ஸா நகரத்துக்காரர். இதில் செலிக்மனுக்கு எந்தப் பங்கும் கிடையாது. ஆனாலும் அந்த ஊர் சொல்லிக்கொள்வது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். சாலை வேறெங்கோ பிறந்தது. அதற்கு முன்னால் ஒட்டிய ‘வரலாற்றுச் சிறப்புள்ள’ என்ற அடைமொழி இங்கேதான் பிறந்தது. பழைய நெடுஞ்சாலையோரங்களில் பயணிகள் இறங்கிப் படமெடுத்துக்கொள்ளும் வண்ணம் பூசிய கார்களையும் வேடிக்கைப் பலகைகளையும் நியான் விளக்குகளையும் பழங்காலத்தின் மிச்சசொச்சம் என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். செலிக்மனின் கதையை ஊன்றிப் படித்தால் வேறொன்று தெரிகிறது. வழிப்போக்கன் நின்றே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இருந்தவரை அந்த ஊர் அந்தக் கட்டாயத்தால் பிழைத்தது. கட்டாயம் அற்றுப்போனதும், நிற்பதற்கு ஒரு காரணத்தைத் தானே உண்டாக்க வேண்டியதாயிற்று. சாலையோரக் காட்சிகள் அப்படி உண்டான ஒரு தொழில், பழந்தொழிலின் நேர்வாரிசு.

கட்டாயத்தின் முதல் வடிவம் ரயில். 1880களில் அட்லாண்டிக் அண்டு பசிபிக் ரயில்பாதை இந்த வழியாக மேற்கே சென்றது. தெற்கே பிரெஸ்காட் நகரத்துக்குப் போன கிளைப்பாதை இங்கே வந்து சேர்ந்ததால் ஊருக்கு முதலில் வைத்த பெயர் பிரெஸ்காட் ஜங்ஷன். பிறகு, ரயில்பாதைக்கு முதல் போட்ட நியூயார்க் வங்கிக் குடும்பத்தின் பெயர் ஊர்ப்பெயராயிற்று. ஊர் எதற்காக ஏற்பட்டது என்பதை இரண்டு பெயர்களுமே சொல்லிவிடுகின்றன. நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும். ஓட்டிவந்தவர்கள் இறங்கி வேறு ஆட்கள் ஏறவேண்டும். பயணிகளுக்குச் சாப்பாடு வேண்டும். இந்தப் பாதையைப் பின்னர் ஏற்று நடத்திய சாண்டா ஃபே ரயில்வேயின் வழித்தடம் முழுவதும் ஃபிரெட் ஹார்வி என்பவர் தொடங்கிய உணவு விடுதிகள் இருந்தன. மேசைவிரிப்பும் சீருடை அணிந்த பரிமாறும் பெண்களுமாக, பாலைவனத்து நடுவே நகரத்துச் சாப்பாட்டைக் கொடுத்தவை அவை. செலிக்மனில் 1905-இல் எழுந்த ஹார்வி விடுதிக்கு ஹவாசு ஹவுஸ் என்று பெயர். அங்கே யாரையும் வா என்று கூப்பிட வேண்டியதில்லை. ரயில் நின்றால் பசித்தவர்கள் இறங்கத்தான் வேண்டும். அப்படிப்பட்ட ஊருக்கு விளம்பரம் எதற்கு?

அதே கட்டாயம் அடுத்து மோட்டார் காரின் வடிவில் வந்தது. இந்தப் பகுதியில் வண்டித்தடம் புதிதல்ல. 1857-இல் எட்வர்ட் பீல் அரசாங்கத்துக்காக ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு வந்து பாதை அளந்தது இந்த அட்சரேகையை ஒட்டித்தான். அவருக்கு முன்பே பழங்குடியினரின் தடங்கள் இருந்தன. ரூட் 66 முதலில் ஊரின் ரயில்வே அவென்யூ வழியாகப் போயிற்று; 1933-இல் ஒரு தெரு தள்ளி சீனோ அவென்யூவுக்கு மாறியது. 1938-க்குள் சாலை முழுதும் தளம் போட்டு முடிந்தது. ஆனால் அன்றைய கார் இன்றைய காரைப் போல 600 கிலோமீட்டர் ஒரே மூச்சில் ஓடுவதல்ல. மேட்டில் ஏறினால் ரேடியேட்டர் கொதிக்கும். பாலைவனத்தைக் கடக்கிறவர்கள் காரின் முன்பக்கத்தில் கித்தான் பை ஒன்றில் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டிருப்பார்கள். பையின் நெய்தலில் கசிந்த நீர் காற்றில் உலர உலர உள்ளே இருக்கும் நீர் குளிரும்; குடிக்கவும் அதுதான், ரேடியேட்டரில் ஊற்றவும் அதுதான். டயர் அடிக்கடி வெடிக்கும். இருட்டியபின் ஓட்டுவது ஆபத்து. ஆகவே பெட்ரோல் பங்க், டயர் ஒட்டும் கடை, சாப்பாட்டுக் கடை, மோட்டல் என்று முப்பது நாற்பது மைலுக்கு ஓர் ஊர் தேவைப்பட்டது. 1930களில் மண் பறந்து பயிர் பொய்த்த மத்திய மாநிலங்களிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் கூட்டம் கூட்டமாகப் போன ஏழைகளும், போருக்குப் பிறகு விடுமுறைக்குப் போன குடும்பங்களும் இந்தத் தெருவைத்தான் கடந்தார்கள். நல்ல காலத்தில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 9,000 வண்டிகள் போனதாக ஊரின் முடிதிருத்துபவர் ஏஞ்செல் டெல்காடியோ பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

தேவை இருந்தபோதே வேடிக்கைகளும் இருந்தனவே என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி சரியானது. செலிக்மனின் மிகப் பெயர்பெற்ற கடையான ஸ்நோ கேப், ஏஞ்செலின் அண்ணன் ஹுவான் டெல்காடியோ 1953-இல் கட்டியது. சாண்டா ஃபே ரயில்வேயில் வேலை பார்த்த ஹுவான், அங்கே கழித்துப்போட்ட பலகைகளைச் சேர்த்துச் சேர்த்து இந்தச் சிறு கடையை எழுப்பினார். கதவில் இரண்டு கைப்பிடிகள். கை தன்னால் போகிற இடத்தில் இருப்பது பொய்க் கைப்பிடி. அதைத் திருப்பிக்கொண்டு நிற்பவரைப் பார்த்து உள்ளே இருப்பவர்கள் சிரிப்பார்கள். ‘மன்னிக்கவும், கடை திறந்திருக்கிறது’ என்று ஒரு பலகை. கடுகுக் குழம்பு கேட்டால் ஹுவான் புட்டியைப் பிதுக்குவார், வாடிக்கையாளர் சட்டைமேல் மஞ்சள் நூல் பாயும். உறிஞ்சு குழலுக்கும் வைக்கோலுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதால், குழல் கேட்டவர் கையில் ஒரு பிடி வைக்கோல் வரும். உணவுப் பட்டியலில் ‘சீஸ் போட்ட சீஸ்பர்கர்’ உண்டு. வெளியே கூரை அறுத்த 1936-ஆம் ஆண்டு ஷெவர்லே கார் ஒன்று, முதுகில் கிறிஸ்துமஸ் மரத்தோடு நிற்கும். இவை ஊருக்கு ஆள் இழுக்க ஏற்பட்டவை அல்ல. வண்டிகள் தாமாகவே நின்றன. எந்தக் கடை முன்னால் நிற்கும் என்பதில்தான் போட்டி. அதே தெருவில் பர்கர் விற்கிற இன்னொருவனிடமிருந்து தன்னைப் பிரித்துக் காட்ட ஹுவான் கண்ட வழி சிரிப்பு. கடைக்கும் கடைக்கும் நடந்த போட்டியில் அவர் கற்ற வித்தையை, பின்னால் ஊரே கையில் எடுக்க வேண்டி வந்தது. அந்தப் பின்னாளைப் புரிந்துகொள்ள 1956-க்குப் போகவேண்டும்.

அந்த ஆண்டு ஜூன் 29 அன்று அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டத்தால் நாடு முழுக்க இன்டர்ஸ்டேட் சாலைகள் வந்தன. இவற்றை அகலமான சாலை என்று மட்டும் நினைத்தால் செலிக்மனுக்கு நேர்ந்தது விளங்காது. அந்தச் சாலைகளில் நினைத்த இடத்தில் ஏறவோ இறங்கவோ முடியாது. சில மைல்களுக்கு ஒரு வாயில்தான். சாலைக்குரிய நிலத்தில் பெட்ரோல் பங்கோ சாப்பாட்டுக் கடையோ வைக்கக் கூடாது. இவை போதாதென்று 1965-இல் வந்த நெடுஞ்சாலை அழகுச் சட்டம் சாலையோர விளம்பரத் தட்டிகளுக்குக் கடிவாளம் போட்டது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நல்ல காரணம் உண்டு, விபத்துகள் குறைந்தன என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் மூன்றும் சேர்ந்தபோது, சாலையிலிருந்து இரண்டு மைல் விலகி இருக்கும் ஒரு சிற்றூர் தான் உயிரோடு இருப்பதைச் சொல்லவும் வழியற்றுப் போயிற்று. இதற்குள் கார்களும் மாறிவிட்டன. கொதிக்காத ரேடியேட்டர், பெரிய பெட்ரோல் தொட்டி, குளிர்சாதனம். 1978 செப்டம்பர் 22 அன்று 40-ஆம் எண் இன்டர்ஸ்டேட் செலிக்மனை ஒதுக்கிவிட்டுத் திறந்தது. போக்குவரத்து ஆண்டுக்கணக்கில் தேய்ந்து குறைந்த கதையில்லை இது. காலையில் ஓயாமல் வண்டி ஓடிய தெரு பிற்பகலில் வெறிச்சோடிக் கிடந்தது. டீசல் எஞ்சின்கள் வந்து தண்ணீர் தேவைப்படாமல் போன ரயில்வேயும், 1985-இல் ஊழியர்கள் மாறும் இடமாக இருந்த செலிக்மனைக் கைவிட்டது. அதே ஆண்டு ஜூன் 27 அன்று ரூட் 66 என்ற எண்ணே தேசிய நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஏழே ஆண்டுகளில் காரும் ரயிலும் இரண்டுமே நிற்கத் தேவையில்லாத ஊராயிற்று அது.

ஏஞ்செல் டெல்காடியோ 1927-இல் இதே ஊரில் பிறந்தவர். அப்பாவும் முடிதிருத்துபவர், கூடவே பில்லியர்ட்ஸ் கூடமும் நடத்தினார். பொருளாதார மந்தத்தின்போது குடும்பமே வண்டி கட்டிக் கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பத் தயாராகி, மூத்த பிள்ளைகளின் இசைக்குழுவுக்கு வாசிக்க வாய்ப்புகள் கிடைத்ததால் தங்கிவிட்டது. பழைய சாலையின் பெயரை மீட்கும் வேலையை ஒரு முடிதிருத்துபவர் தொடங்கினார் என்பதை நான் தற்செயலாகக் கருதவில்லை. பெட்ரோல் பங்க் வைத்திருப்பவர் விற்றுவிட்டு இன்டர்ஸ்டேட் வாயில் ஓரத்துக்குப் போய்விடலாம். முடிவெட்டுகிறவருக்கு ஊரில் தலைகள் இருந்தாக வேண்டும். ஊர் காலியானால் அவர் தொழில் இடம் மாறாது, இல்லாமல் போகும். 1987 பிப்ரவரி 18 அன்று செலிக்மனில் காப்பர் கார்ட் உணவகத்தில் கூடியவர்கள் 15 பேர். அரிசோனா வரலாற்று ரூட் 66 சங்கம் அன்று உருவாயிற்று. அவர்கள் மாநில அரசிடம் கேட்டது பணமோ புதுச் சாலையோ கிடையாது. செலிக்மனிலிருந்து கிங்மன் வரை உள்ள பழைய சாலைக்கு ஒரு பெயரும் அதை எழுதிய பலகைகளும். அந்த நவம்பரிலேயே அரசு இணங்கியது. அடுத்த ஆண்டு பழைய கார்களைத் திரட்டிச் செலிக்மனிலிருந்து ஓர் ஊர்வலம் விட்டார்கள். அது ஆண்டு விழாவாகிவிட்டது. மற்ற மாநிலங்களிலும் சங்கங்கள் முளைத்தன. 1999-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றித் தேசியப் பூங்காத் துறையின்கீழ் இந்தச் சாலையைப் பேணும் திட்டத்துக்கு நிதி ஒதுக்கியது. எண்ணை இழந்த ஒரு சாலை, அந்த எண்ணின் நினைவை வைத்தே திரும்ப எழுந்தது.

செலிக்மனுக்கு வாய்த்தது நல்ல இடம்தான், ஆட்களின் திறமை என்ன இருக்கிறது என்ற ஆட்சேபம் இங்கே வரும். அதில் பாதி உண்மை இருக்கிறது. பல இடங்களில் இன்டர்ஸ்டேட் பழைய சாலையின் மேலேயே போடப்பட்டது. பார்க்க மிச்சமே இல்லை. செலிக்மனுக்கும் கிங்மனுக்கும் நடுவில் மட்டும் பழைய சாலை பீச் ஸ்பிரிங்ஸ் வழியாக வடக்கே வளைந்து போக, புதுச் சாலை தெற்கே நேராகப் போய்விட்டது. கைவிடப்பட்டதால்தான் அந்தத் துண்டு பிழைத்தது. லாஸ் வேகாஸிலிருந்து கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் தென்விளிம்புக்குப் போகும் பேருந்துகளும் இந்த வழியில் செல்கின்றன. இவ்வளவும் சாதகம். ஆனால் கிழக்கே இருபத்தைந்து மைலில் உள்ள ஆஷ் ஃபோர்க்கைப் பாருங்கள். கேன்யனுக்கு இன்னும் பக்கம். ரயில்வே தன் முக்கியப் பாதையை 1960-இலேயே அந்த ஊரிலிருந்து திருப்பிக்கொண்டது. செலிக்மனுக்கு அடுத்த ஆண்டே இன்டர்ஸ்டேட் அதையும் ஒதுக்கியது. நெருப்பு விபத்திலும் கடைவீதி அழிந்தது. அங்கே இவ்வளவு பெரிய பயணிகள் கூட்டம் வரவில்லை. அதற்குக் காரணம் சோம்பல் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆஷ் ஃபோர்க்கைச் சுற்றிலும் தளம் பாவுவதற்கான பலகைக்கல் வெட்டியெடுக்கிறார்கள். பலகைக்கல்லின் தலைநகரம் என்று அந்த ஊர் பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. பிழைக்க வேறு தொழில் இருந்த ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. மாடும் மேய்ச்சல் நிலமும் தவிர வேறு பெரிதாக எதுவும் இல்லாத செலிக்மன், தனக்குத் தெரிந்த ஒரே தொழிலான வழிப்போக்கரை நிறுத்துவதை விடாமல் பற்றிக்கொண்டது. இடம் வாய்ப்பைத்தான் கொடுத்தது. அதே சாலையில் டெக்சாஸ் எல்லையிலுள்ள க்ளென்ரியோவில் மோட்டலும் பெட்ரோல் பங்கும் சுவர் இடிந்து நிற்கின்றன. நிறுத்திவைக்க அங்கே ஊர் மிஞ்சவில்லை.

இதைவிட வலுவான ஆட்சேபம், எல்லாம் போலி என்பது. செலிக்மனில் கடைகளின் கூரைமேல் 1950களின் உடையில் பொம்மைகள் நிற்கின்றன. 2006-இல் வந்த ‘கார்ஸ்’ படத்தைப் பார்த்துவிட்டு வரும் குழந்தைகளுக்காகப் பழைய வண்டிகளின் முன்கண்ணாடியில் கண் வரைந்திருக்கிறார்கள். அந்தப் படத்தை எடுத்த ஜான் லாசெட்டர், ஏஞ்செலிடம் வந்து கதை கேட்டுப் போனவர் என்பதால், ஊர் படத்துக்குக் கொடுத்ததும் படத்திடமிருந்து எடுத்துக்கொண்டதும் இன்று பின்னிக் கிடக்கின்றன. இதைவிடப் பெரிய சான்று பர்மா-ஷேவ் பலகைகள். பர்மா-ஷேவ் என்பது முகச்சவரப் பசை. 1925-இல் மினசோட்டாவில் தொடங்கி, ஒரு வேடிக்கைப் பாட்டைப் பலகைக்குச் சில சொற்களாகப் பிரித்துச் சாலையோரம் இடைவெளிவிட்டு வரிசையாக நட்டார்கள். மணிக்கு முப்பத்தைந்து மைலில் போகிறவர் படித்துக்கொண்டே வந்து கடைசிப் பலகையில் பசையின் பெயரைக் கண்டு சிரிப்பார். வண்டிகளின் வேகம் கூடியதும் படிக்க நேரமில்லை. 1963-இல் அந்த முறையே முடிந்தது. இன்று செலிக்மனைத் தாண்டி மேற்கே போகிறவர் அந்தப் பலகைகளைப் பார்க்கலாம். ஆனால் அந்த நிறுவனம் தன் காலத்தில் அரிசோனாவில் பலகை நட்டதே இல்லை. அவ்வளவு குறைவான வண்டிகளுக்காகச் செலவழிப்பது கட்டாது என்று விட்டுவிட்ட மாநிலங்களில் அதுவும் ஒன்று. ஆக, இல்லாத ஒரு கடந்தகாலத்தின் நகல் அங்கே நிற்கிறது. இதை மறைக்கக் கூடாது, பார்க்க வருகிறவருக்கும் சொல்லவேண்டும்.

அப்படியானால் அசல் எது என்று தேடிப் பார்ப்போம். இதே சாலையில் கிழக்கே ஹோல்புரூக்கில் 1950-இல் செஸ்டர் லூயிஸ் கட்டிய விக்வாம் மோட்டல் இருக்கிறது. கூம்புக் கூடாரம் போன்ற கான்கிரீட் அறைகளின் வரிசை. இன்று அது பாதுகாக்கப்பட்ட அசல் சின்னம். அந்தக் கூம்பு வடிவம் நூற்றுக்கணக்கான மைல் வடகிழக்கே சமவெளியில் காட்டெருமை வேட்டையாடியவர்களின் தோல் கூடாரத்துடையது. விக்வாம் என்ற சொல்லோ அதற்கும் அப்பால் கிழக்கே வாழ்ந்த மக்களுடையது. ஹோல்புரூக்கைச் சுற்றியுள்ள நவஹோக்களின் வீடு மரத்தாலும் மண்ணாலும் ஆனது. கட்டடத்தின் வரைபடமும் லூயிஸுடையது இல்லை. கென்டக்கியில் 1930களில் இப்படிக் கட்டிய ஃபிராங்க் ரெட்ஃபோர்டிடமிருந்து வாங்கினார். விலைக்குப் பதிலாக ஒவ்வோர் அறையிலும் ஒரு வானொலிப் பெட்டி. பத்து செண்ட் காசு போட்டால் அரைமணி நேரம் பாடும். விழுந்த காசெல்லாம் ரெட்ஃபோர்டுக்கு. 1974-இல் பைபாஸ் வந்ததும் மோட்டல் மூடிக்கொண்டது. செலிக்மனில் சங்கம் கூடிய மறு ஆண்டு, 1988-இல், குடும்பத்தார் திரும்பத் திறந்தார்கள். சாலையோரத் தொழிலில் பிறன் கைவேலையை எடுத்தாள்வது முதல் நாளிலிருந்தே வழக்கம். ஆகவே நகலா அசலா என்ற அளவுகோலால் இதை அளப்பது, தெருக்கூத்துக்காரனிடம் கிரீடம் தங்கமா என்று கேட்பது போல. நான் கேட்க விரும்பும் கேள்வி இது: அந்தக் காட்சி தன்னைப் பற்றி மட்டும் கதை கட்டுகிறதா, பிறரைப் பற்றியும் பொய் சொல்கிறதா? ஹுவானின் பொய்க் கைப்பிடி யாரையும் சிறுமைப்படுத்தவில்லை. கான்கிரீட் கூடாரமோ, சுற்றி வாழ்கிற மக்களை அடையாளம் தெரியாதபடி அழித்து ஒரு பொதுப் ‘பழங்குடி’யை விற்கிறது.

இந்த இடத்தில்தான் எனக்கு மிகக் கனமாகப் படுகிற குற்றச்சாட்டு வருகிறது. ரூட் 66 நினைவு என்பது எல்லோரும் மகிழ்ச்சியாகக் கார் ஓட்டிய ஒரு காலத்தைக் கற்பிக்கிறது. அப்படி ஒரு காலம் எல்லோருக்கும் இருந்ததில்லை. கேண்டசி டெய்லர் செய்த ஆய்வின்படி, இந்தச் சாலையை ஒட்டிய 89 கவுண்டிகளில் 44, பொழுது சாய்ந்தபின் கறுப்பர்கள் இருக்கக் கூடாது என்ற ஊர்களைக் கொண்டவை. எங்கே படுக்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று கறுப்பினப் பயணிகளுக்குச் சொல்ல, நியூயார்க்கின் அஞ்சல்காரர் விக்டர் கிரீன் 1936 முதல் ஒரு கையேடே வெளியிட வேண்டியிருந்தது. வேடிக்கைக் கடைகளின் வாசல் எல்லோருக்கும் திறக்கவில்லை. செலிக்மனிலிருந்து பழைய சாலையில் மேற்கே போனால் வரும் பீச் ஸ்பிரிங்ஸ், ஹுவாலபாய் மக்களின் தலைநகரம். 1874-இல் படை அவர்களை மலையிலிருந்து கொலராடோ ஆற்றோரத்து லா பாஸுக்கு நடத்திக்கொண்டு போயிற்று. வெக்கையிலும் நோயிலும் பலர் மாண்டார்கள். மறு ஆண்டு மிஞ்சியவர்கள் திரும்பிவந்தபோது நிலம் கைமாறிக்கொண்டிருந்தது. அதே நிலத்தை ரயில்வே தனதென்று கோரியது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1941-இல் ஹுவாலபாய்களின் பூர்வீக உரிமையை ஏற்று வந்த தீர்ப்பு, அமெரிக்கப் பழங்குடி நில உரிமைச் சட்டத்தில் இன்றும் மேற்கோள் காட்டப்படுவது. சாலையோரப் பலகைகளில் சவரப் பசைப் பாட்டுக்கு இடமுண்டு, இந்தத் தீர்ப்புக்கு இல்லை என்றால் அது குறைதான். அதற்காகச் செலிக்மனின் காட்சிகளை மூட வேண்டியதில்லை. நிறுத்தத் தெரிந்த ஊர் நிறுத்திய பிறகு என்ன சொல்லலாம் என்ற கேள்வி இது. வழிப்போக்கன் இறங்கி நிற்கிற இடத்தில்தான் அவனுக்கு எதையும் சொல்ல முடியும். மணிக்கு எழுபத்தைந்து மைலில் போகிறவனிடம் முடியாது.

இன்னொரு விடுபட்ட பக்கம் நம் நாட்டோடு தொடர்புடையது. இன்டர்ஸ்டேட் வந்து மோட்டல்களின் விலை விழுந்து, 1973-இன் பெட்ரோல் தட்டுப்பாட்டில் இன்னும் விழுந்தபோது, அவற்றை வாங்கியவர்களில் பெருந்தொகையினர் குஜராத்திகள். 1972-இல் உகாண்டா விரட்டியடித்தவர்கள் சிலர், நேரே சூரத் பக்கத்திலிருந்து வந்தவர்கள் சிலர். பட்டேல் என்ற பெயர் அமெரிக்க மோட்டல் தொழிலின் மறுபெயரானது அந்த ஆண்டுகளில்தான். குடும்பமே முன்னறைக்குப் பின்னால் தங்கி, தாமே படுக்கை விரித்து, தாமே குழாய் பழுது பார்த்து, ஆள்கூலி கொடுத்தால் கட்டாத விடுதிகளை ஓட்டினார்கள். போட்டிக்காரர்கள் ‘அமெரிக்கர் நடத்துவது’ என்று வாசலில் பலகை வைத்தார்கள். காப்பீட்டு நிறுவனங்கள் இவர்களை ஒதுக்கின. அந்த அவமதிப்பே 1989-இல் ஆசிய அமெரிக்க விடுதி உரிமையாளர்கள் சங்கம் பிறக்க ஒரு காரணம். ரூட் 66-இன் பல பழைய நியான் பலகைகள் தப்பியது, அவற்றுக்குக் கீழே இந்தக் குடும்பங்கள் விளக்கை அணைக்காமல் இருந்ததால். அமெரிக்கப் பழமை நினைவின் காவலர்கள் என்று கொண்டாடப்படுவோரில் முதல்வரான டெல்காடியோ குடும்பம் மெக்சிகோ வழி வந்தது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். சாலையை விட்டுவிட்டுப் போகிற வசதி இருந்தவர்கள் போய்விட்டார்கள். போக முடியாதவர்களும் புதிதாய் வந்தவர்களும் அதைக் காத்தார்கள்.

வணிகர்கள் தங்கள் லாபத்துக்காகக் காப்பாற்றியது எப்படி வரலாறாகும் என்று தொல்பொருள் ஆர்வலர்கள் சிலர் கேட்பதுண்டு. அவர்களுக்குப் பதில் செலிக்மனிலேயே இருக்கிறது. கட்டடக்கலை மதிப்பு என்று பார்த்தால் ஊரின் தலைசிறந்த கட்டடம் ஹவாசு ஹவுஸ். ரயில் பயணிகள் இறங்கிச் சாப்பிடுவது நின்றதால் 1950களின் நடுவில் விடுதி மூடப்பட்டது; கடைசியில் கட்டடம் தண்டவாளத்தோரம் வெறுமனே நின்றது. மதிப்பு எல்லோருக்கும் தெரியும். அதற்குள் நடக்க ஒரு தொழில் இல்லை. காப்பாற்றும் முயற்சிகள் பலிக்காமல் 2008-இல் இடித்துவிட்டார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர்தான், 2005-இல், செலிக்மனின் கடைவீதி தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் ஏறியிருந்தது. ஹுவான் 2004-இல் இறந்தார்; பிள்ளைகள் கடையை விடாமல் நடத்தினார்கள். சரக்கு ரயில்கள் இன்றும் ஊரை ஒட்டி ஓடுகின்றன, நிற்பதில்லை. விடுதி இருந்த இடம் வெற்று நிலம். அதே ரயில்வே கழித்துப்போட்ட பலகைகள் ஸ்நோ கேப்பின் சுவர்களாக நின்று, ஜன்னல் வழியே பர்கரும் ஐஸ்கிரீமும் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.